ஹயாசே கேட்ட பிக்கப்

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹயாசே உள்ளே வந்தபோது இபுகி ஒரு கிதாரின் கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காலம் வந்துவிட்டால் ஒசாகாவில் இருக்கிற கிதார்க் கழுத்தெல்லாம் வளைந்துகொண்டு நம்பா பகுதியில் உள்ள அந்தப் பழுதுபார்க்கும் கடைக்குத்தான் வந்து சேரும். ஆனால் அன்றைக்கு வந்த பெரிய கோணல் குடையை மடக்கிக்கொண்டு இரண்டு காலில் நடந்து வந்தது.

"வாங்க, வாங்க!" என்று வாய் பழக்கத்தில் கூவிவிட்டது. யாரென்று பார்த்த பிறகு அந்த வாயைத் தைத்துவிடலாம்போல் இருந்தது அவளுக்கு.

ஹயாசே குடையை உதறினான். அவன்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. பழுதுக்கு வந்திருந்த ஆம்ப் ஒலிபெருக்கிகளின் வரிசைமேல் தெறித்தது. அவனைச் சுற்றி நடக்கிற எல்லாமே அப்படித்தான் நடக்கும்.

"அட, இபுகி! இன்னும் இங்கேயேதான் இருக்கியா?"

"வேற எங்க போறது? குழுவை விட்டுப் போன்னு சொன்னவங்க எங்க போகணும்னு சொல்லலையே."

"அதையெல்லாம் இன்னுமா மனசுல வெச்சிருக்கே? நான் மறந்தே போயிட்டேன்."

மறந்துதான் போயிருந்தான். அவளுக்கு வயிறு எரிந்ததும் அதனால்தான். செய்ததை நினைத்து ஒளிந்து திரிகிறவனையாவது மன்னிக்கலாம். செய்ததையே மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறவனை என்ன செய்வது?

ஷியோகபே என்பது அவர்கள் குழுவின் பெயர். கல்லூரி இசைச் சங்கத்தில் தொடங்கியது. ஹயாசே ஒரு வருடம் மூத்தவன். அதனால் அவன் ஆம்பை அவள் தூக்குவாள், அவன் கிதாருக்கு அவள் கம்பி மாற்றுவாள், அவள் மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்து 'நீங்க' என்பாள், அவன் 'நீ' என்பான். இருவருக்கும் ஏழு கம்பிக் கிதார். ஊரில் இருக்கிற கிதாருக்கெல்லாம் ஆறு கம்பி என்றால் இதற்குத் தடியாக ஏழாவது ஒன்று உண்டு. அதையும் இன்னும் தளர்த்திச் சுருதியைக் கீழே கீழே இறக்கி வைத்திருப்பார்கள். சரியாக வாசித்தால் தரைக்கு அடியில் ரயில் போகிற மாதிரி இருக்கும். தப்பாக வாசித்தால் வயிற்றுக் கோளாறு மாதிரி இருக்கும்.

ஹயாசேயின் இடது கை நன்றாக ஓடும். வலது கை சோம்பேறி. ஏழாவது கம்பியை வேகவேகமாக, ஒரே அளவாக, இடையில் ஓசை ஒழுகாமல் தட்ட வேண்டிய இடங்களில் அது மூச்சு வாங்கும். போன வருடம் ஆல்பம் பதிந்தபோது விவகாரம் அங்கேதான் தொடங்கியது. இந்த வகை இசையில் ஒரே வாசிப்பை இரண்டு தடவை பதிந்து, ஒன்றை இடது காதுக்கும் ஒன்றை வலது காதுக்கும் வைப்பார்கள். வலது பக்கம் இபுகி, இடது பக்கம் ஹயாசே என்று ஏற்பாடு. பதிவு நடந்த அவள் அறைக்கு அவன் வந்தான், உட்கார்ந்தான், வாசித்துப் பார்த்தான், நகத்தைக் கடித்தான்.

"இப்போதைக்கு என் பக்கத்தையும் நீயே வாசிச்சு வெச்சிடு. நான் அப்புறமா மாத்திக்கிறேன். மாத்தலேன்னா ரெண்டு பக்கத்துக்கும் உன் பேரையே போட்டுடுறேன், சத்தியமா" என்றான்.

மாற்றவில்லை. பெயரும் போடவில்லை. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே அவளைக் குழுவிலிருந்து கழற்றிவிட்டான். பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை, எல்லாவற்றையும் தானே வாசித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று மற்ற இருவரிடமும் முந்திக்கொண்டு சொல்லி வைத்தான். பாஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுகிற சுமிரேயிடம் இபுகி உண்மையைச் சொன்னபோது, "நீ இப்படிச் சொல்லுவேன்னு ஹயாசே முன்னாடியே சொன்னான்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஆல்பத்தின் உறையில் 'கிதார்: ஹயாசே' என்று இருந்தது.

அந்த ஆல்பம் ஓகோவென்று ஓடியது. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து அந்த ஏழாவது கம்பி வாசிப்பைப் பழகிப் பழகிப் படம்பிடித்துப் போட்டார்கள். வலது கைக்கு என்ன பயிற்சி செய்கிறேன் என்று ஹயாசே ஒரு பத்திரிகைக்கு நாலு பக்கம் பேட்டி கொடுத்தான். அவன் சொன்னது முழுக்க முழுக்க இபுகி செய்கிற பயிற்சி. அவள் அந்தப் பத்திரிகையைக் கிழிக்கவில்லை. கழிப்பறையில் வைத்து, காலையில் ஒரு பக்கமாக வாசித்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த இரண்டு பக்கமும் யார் கை என்பது, அதைப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஆட்கள் முன்னால் வெளியே வர வேண்டும். அவன் வாயாலேயே வர வேண்டும். அவன் கையாலும் வந்தால் இன்னும் திருப்தி.

இப்போது ஹயாசே தன் கிதாரை உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

"போன வாரம் டோக்கியோல வாசிச்சோம். ஆல்பம் மாதிரி இல்லையாம். நேர்ல கேட்டா ஒரே சேறு மாதிரி இருக்காம். அவனவன் எழுதுறான். எல்லாம் இந்தப் பிக்கப்போட வேலை. மாத்திடணும்."

கை சரியில்லை என்று ஒப்புக்கொண்ட கிதார்க்காரனை இபுகி அந்தக் கடையில் இதுவரை பார்த்ததில்லை. முதலில் கம்பியைக் குறை சொல்வார்கள். பிறகு ஆம்ப், பிறகு ஹாலின் கூரை. எல்லாம் தீர்ந்த பிறகு பிக்கப்பில் வந்து நிற்பார்கள். கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் சின்னப் பெட்டி அது. உள்ளே காந்தமும் அதைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பியும் இருக்கும். கம்பி அசைவதைக் கேட்டு ஆம்புக்குச் சொல்லி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. வாய் பேசாத அந்தப் பெட்டிமேல் எந்தப் பழியையும் போடலாம்.

"ஆல்பத்தோட டேப்பை ஓடவிட்டு, வாசிக்கிற மாதிரி நின்னுட்டுப் போக வேண்டியதுதானே. இப்ப எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க" என்றாள் இபுகி.

"சுமிரே விடமாட்டேங்கிறா. மேடையில கையால வாசிக்கிறது மட்டும்தான் வரணுமாம். நாளைக்கு நம்ம ஊர்ல சுற்றுப்பயணத்தோட கடைசி நிகழ்ச்சி. ஒரு சீட்டு மிச்சம் இல்லை. அதுக்குள்ள முடிச்சுக் குடு."

"உங்க ரெண்டாவது கிதார்?"

"கழுத்து வளைஞ்சு போச்சு. மழை."

முதலாளி ஒரிதோ மூலையில் டின் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கதை முழுவதும் தெரியும். இபுகி இவனைக் குடையோடு வெளியே தள்ளுவாள், வேடிக்கை பார்க்கலாம் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் தள்ளவில்லை. சோதனைக் கிதாரை எடுத்து வந்தாள். முதுகுப் பக்கம் இழுப்பறை மாதிரி திறந்து பிக்கப்பை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கிற ஏழு கம்பிக் கிதார் அது. கடையிலேயே செய்தது.

முதலில் பேட்டரியில் ஓடுகிற வகையைச் செருகிக் கொடுத்தாள். மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டி அனுப்புகிற ரகம்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆல்பத்துல இப்படி இல்லையே" என்றான் ஹயாசே.

அடுத்தது அவன் கிதாரில் இருப்பதற்கு அண்ணன். பலத்த காந்தம், அளவுக்கு மீறிய சுற்று. ஒரு தட்டுத் தட்டியதும் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. ஹயாசேயின் முகம் மலர்ந்தது. ஆனால் இபுகி அவன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டமாகப் பாடும்போது உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறவனைப்போல அந்தக் கர்ஜனைக்குள் அவன் கை சுகமாக ஒளிந்துகொண்டிருந்தது.

இதையே அவன் தலையில் கட்டலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஹாலில் சுருதி இறக்கிய ஏழாவது கம்பிக்கு இது இன்னும் மோசமாகச் சேறு கக்கும். நாலு பேர் இன்னும் நாலு வரி திட்டி எழுதுவார்கள். அவ்வளவுதான். திட்டு பிக்கப்புக்கு விழும், ஆம்புக்கு விழும், இவனுக்கு விழாது. இவ்வளவு நாளும் அவனைக் காப்பாற்றி வைத்திருப்பதே அந்தச் சேறுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேற்றில் கிடக்கிறவனைப் பழிவாங்க வேண்டுமானால் மேலும் சேற்றை வாரி ஊற்றக்கூடாது. நன்றாகக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் நிறுத்த வேண்டும்.

"ஆல்பத்துல இருக்கிறது இது ரெண்டுமே இல்லை" என்றாள். "அது என் கிதார்ல இருக்கிறது. நானே சுத்தினது."

சுவரில் மாட்டியிருந்த தன் கிதாரை எடுத்து, கம்பிகளைத் தளர்த்தி, திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

"இபுகி, அது..." என்று ஒரிதோ எழுந்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் மறுபடி உட்கார்ந்து, காலியான டின்னை உறிஞ்சினார்.

பிக்கப்பைச் சோதனைக் கிதாரில் செருகிவிட்டு அவள் சொன்னாள்: "ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், ஹயாசே-சான். இதுல சுத்து கம்மி. குரல் சின்னது. ஆனா எதையும் மறைக்காது. விரல் லேசா உரசினாக்கூட ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துடும். கை ரொம்பச் சுத்தமா இருக்கணும். உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? ரெண்டாவதையே போட்டுட்டுப் போங்க."

ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒரிதோவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்த மனிதருக்கும் இந்த மாதிரி வேலையில் ருசி உண்டு.

"அவ சொல்றதைக் கேளுங்க தம்பி. அது எல்லார் கைக்கும் ஒத்துவராது. ரெண்டாவதுதான் நல்லா மன்னிக்கும்."

"என் கைக்கு மன்னிப்பா?" ஹயாசேவுக்குச் சுருக்கென்றது. "நான் பேட்டி குடுத்தேனே, படிக்கலையா நீங்க?"

"படிச்சேன், படிச்சேன். நாலு பக்கம்."

ஹயாசே கிதாரை மடியில் இழுத்துக்கொண்டான். யார் எந்தக் கிதாரைக் கொடுத்தாலும் அவன் வாசித்துக்காட்டுகிற துண்டு ஒன்று உண்டு. மேல் கம்பிகளில் இடது கை வழுக்கிக்கொண்டு ஓடும். அதைத்தான் வாசித்தான். மணி மாதிரி ஒலித்தது. ஏழாவது கம்பியைக் கடைசியில் ஒரே ஒரு தட்டுத் தட்டி, ஒலி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். அந்தச் சின்னக் கடையில், சின்ன ஆம்பில், அது தேனாக இருந்தது.

"இதுதான்! இதேதான் நான் வாசிச்சது!" என்றான்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கண்ணில் ஒரு கள்ளமும் இல்லை. நிஜமாகவே தான் வாசித்ததாக நம்பினான். இபுகியின் கையில் திருப்புளி இருந்தது. அதை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அதுவரை அவளுக்குள் கொஞ்சம் இரக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அது அந்த இடத்திலேயே செத்தது.

"நாளைக்கு மத்தியானம் ஹாலுக்கே கொண்டுவந்துடு. எனக்கு இன்னிக்குப் பத்திரிகைக்காரங்களோட சாப்பாடு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஹயாசே போனான்.

பழிவாங்குகிற வேலையை அரைகுறையாகச் செய்யக்கூடாது. அவன் கிதாரிலிருந்து பழையதைக் கழற்றி, தன்னுடையதைப் பதித்து, ஒவ்வொரு இணைப்பையும் பளபளவென்று பற்றவைத்தாள். கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைத் தாள் தாளாக வைத்துப் பார்த்துச் சரிசெய்தாள். புதுக் கம்பி போட்டாள். கழற்றிய பாகத்தை வாடிக்கையாளரிடமே திருப்பித் தருவது கடையின் வழக்கம் என்பதால் பழையதை ஒரு சின்ன உறையில் இட்டுக் கிதார்ப் பையில் வைத்தாள்.

"நீ இவ்வளவு நல்லா எந்த வேலையும் செஞ்சு நான் பார்த்ததில்லை" என்றார் ஒரிதோ.

"இவ்வளவு ஆசையா எந்த வேலையும் வந்ததில்லை, ஒரிதோ-சான்."

மறுநாள் மத்தியானம் அமெமுரா பகுதியில் தரைக்குக் கீழே இருந்த அந்த ஹாலுக்குள் இபுகி இறங்கியபோது, "காலை வணக்கம்!" "காலை வணக்கம்!" என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் கூவிக்கொண்டிருந்தார்கள். மேடைக்காரர்களுக்கு எப்போது வேலை தொடங்குகிறதோ அப்போதுதான் காலை. அன்றைக்கு மூன்று குழுக்கள். ஒத்திகை எப்போதும்போல் தலைகீழ் வரிசையில். கடைசியில் வாசிக்கிற பெரிய குழு முதலில் ஒத்திகை பார்க்கும், முதலில் வாசிக்கிற சின்னக் குழு கடைசியில் பார்க்கும். அதனால் ஷியோகபே முதலில் மேடை ஏறியது. மற்ற இரண்டு குழுக்களின் ஆட்களும் மரியாதைக்காகப் பின்வரிசையில் கைகட்டி நின்று பார்த்தார்கள். எல்லோரும் வாசிக்கிறவர்கள், எல்லோரும் அந்த ஆல்பத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். இபுகி ஒலிக்காரர் நெகோரோவின் மேசைக்கு அருகில் நின்றுகொண்டாள்.

"கிதார் மட்டும் குடுங்க" என்றார் நெகோரோ, மைக்கில்.

ஹயாசே தன் வழுக்கல் துண்டை வாசித்தான்.

"அடேங்கப்பா, தெளிவா இருக்கே! நல்லாருக்கு. இப்ப கீழ்க் கம்பி. பாட்டுல வர்ற மாதிரியே."

எல்லோருக்கும் தெரிந்த அந்த வாசிப்பை ஹயாசே தொடங்கினான். பிள்ளைகள் படம்பிடித்துப் போடுகிறார்களே, அது. பத்துத் தட்டு வருவதற்குள் வண்டி குடை சாய்ந்தது. ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது, இரண்டு வரவே இல்லை. பக்கத்துக் கம்பி தேவையில்லாமல் முனகியது. பழைய பிக்கப்பாக இருந்தால் இதெல்லாம் ஒரே கர்ஜனையில் கரைந்து போயிருக்கும். இபுகி சுற்றிய பெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்து, துடைத்து, ஹாலின் ராட்சத ஒலிபெருக்கிகளிடம் கொடுத்தது.

"கை இன்னும் சூடாகலையோ? இன்னொரு தடவை" என்றார் நெகோரோ.

இன்னொரு தடவை இன்னும் மோசம். ஹயாசே குனிந்து ஆம்பில் கரகரப்பைக் கூட்டினான். தப்புகள் மறையவில்லை, பெரிதாயின. சுமிரே பாஸைத் தொங்கவிட்டபடி திரும்பினாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"பிக்கப். புதுசு. கடையில தப்பா எதையோ போட்டுக் குடுத்திருக்காங்க."

"பிக்கப்புல ஒண்ணும் குறையில்லைங்க" என்றார் நெகோரோ. அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, பாவம். "இந்த மேடையில இவ்வளவு சுத்தமா ஒரு ஏழு கம்பியை நான் கேட்டதே இல்லை."

பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. வாசிக்கிறவர்கள் இன்னொரு வாசிக்கிறவனை முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். தங்கள் ஷூவைப் பார்ப்பார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இபுகிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை ஒரு குளிர்ச்சி ஏறியது. ஒரு வருடமாக இல்லாத சந்தோஷம்.

ஒத்திகை முடிந்ததும் ஹயாசே அவளை மாடிப்படியில், பானம் விற்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து பிடித்துக்கொண்டான். முகத்தில் ரத்தம் இல்லை.

"பழையதைப் போட்டுடு. இப்பவே. பையில இருக்கு, நீதானே வெச்சே. பத்தவைக்கிற சால்டரிங் அயர்னும் உன்கிட்ட இருக்கும். நாங்க கடைசியாத்தானே ஏறுறோம், நிறைய நேரம் இருக்கு."

"வேற யார்கிட்டயாவது கிதார் வாங்கிக்கோங்களேன்."

"ஒருத்தன்கிட்ட ஆறு கம்பி, இன்னொருத்தன்கிட்ட எட்டுக் கம்பி. நான் என்ன பண்ணுவேன்? இபுகி, உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

"முதல்ல உன் குழுவுல இருக்கிற ரெண்டு பேர்கிட்டயும் போய்ச் சொல்லு."

வாழ்நாளில் முதல் தடவையாக அவனை 'நீ' என்றாள். அவன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"என்னத்தைச் சொல்ல?"

"என்னன்னு தெரியலையா? அதையும் மறந்துட்டியா?"

"அது... அது நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினதுதானே, ஒரு விதத்துல பார்த்தா..."

"சேர்ந்தா? நான் வாசிச்சேன். நீ என் கட்டில்ல உக்காந்து என் சிப்ஸைத் தின்னே. அதையும் நீதான் தின்னேன்னாவது ஒத்துக்கோ."

கீழே அடுத்த குழுவின் டிரம்ஸ் ஒத்திகை தொடங்கியது. ஹயாசே சுவரில் சாய்ந்தான். பிறகு, "சொன்னா மாத்துவியா?" என்று கேட்டான்.

"மாத்துறேன்."

ஒப்பனை அறையில் சுமிரேயும் டிரம்மர் கொந்தோவும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையில் நடந்ததைப் பற்றி நெகோரோ வாசலில் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஹயாசே அவரைத் தாண்டி உள்ளே போய்ச் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் மென்று மென்று சொன்னான். இபுகி, "கேக்கலை" என்றாள். மறுபடி சொன்னான்.

"இடது பக்கம் அவளா?" என்றான் கொந்தோ. வறுத்த கோழித் துண்டு சாப்பாட்டுக் குச்சிகளுக்கு நடுவில் அப்படியே நின்றது.

"ரெண்டு பக்கமும்."

"எல்லாப் பாட்டுலயும்?"

"ம்."

"அப்ப அந்தப் பேட்டி?"

சுமிரே பெட்டியை மூடினாள். எழுந்து நின்று, இபுகிக்கு முன்னால் இடுப்பு வளைய நெடுநேரம் தலைகுனிந்தாள். இந்த நிமிடத்துக்காக இபுகி எத்தனையோ பதில்களை மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். பெருந்தன்மையாக ஒன்று, குத்தலாக ஒன்று, கண்ணீரோடு ஒன்று. எதுவும் வரவில்லை. 'பரவாயில்லை' என்று சொல்லவேண்டிய இடம் அது. அதைச் சொல்ல அவளுக்கு மனம் இல்லை, சொல்லவும் இல்லை.

"சொல்லிட்டேன்ல? வா, மாத்து" என்றான் ஹயாசே.

"மாட்டேன்."

"என்ன?"

"மாட்டேன்னு சொன்னேன்."

"நீ வார்த்தை குடுத்தே!"

"நீயும்தான் குடுத்தே. சத்தியம் வேற பண்ணினே."

அவன் வாசல் பக்கம் திரும்பினான். "நெகோரோ-சான், உங்ககிட்ட சால்டரிங் அயர்ன் இருக்கும்ல? ரெண்டே நிமிஷ வேலை. தயவுசெஞ்சு..."

"யாரும் அதைத் தொடக்கூடாது" என்றாள் சுமிரே.

"நம்ம நிகழ்ச்சிம்மா அது. நாறிடும்" என்றான் கொந்தோ.

"நாறினா நாறட்டும். பேட்டி குடுத்த கையால வாசிக்கட்டும்."

நெகோரோ வாசலில் நின்றபடி தன் ஷூவைப் பார்த்தார்.

மாலையில் ஹால் நிரம்பி வழிந்தது. இபுகி பின்னால் தூண் ஓரமாகக் கைகட்டி நின்றாள். ஷியோகபே மேடை ஏறியதும் கூட்டம் கத்தியது, குதித்தது. முதல் பாட்டில் யாரும் எதையும் கவனித்த மாதிரி இல்லை. கொந்தோ கோபத்தையெல்லாம் டிரம்ஸ் மேல் காட்டினான், சுமிரேயின் குரல் கூரையைப் பிய்த்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஹயாசே எப்படியோ தப்பித்துக்கொண்டே வந்தான். கஷ்டமான இடம் வந்தால் கையைத் தூக்கிக் கூட்டத்தைக் கத்தச் சொன்னான். தலையைச் சுழற்றினான். மேடையின் விளிம்புக்கு ஓடி ஒரு காலைத் தூக்கி வைத்தான். பிள்ளைகள் அவன் முழங்காலைத் தொட்டுக்கொண்டார்கள்.

இபுகிக்குக் கசந்தது. இவ்வளவு செய்தும் இவன் தப்பித்துவிடுவான்போல் இருக்கிறதே என்று பல்லைக் கடித்தாள். வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது, குழுவுக்குத் தெரிந்துவிட்டது, அது போதும் என்று மனதைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். போதவில்லை. கொஞ்சம்கூடப் போதவில்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் சுமிரே மைக்கைப் பிடித்தாள். குழுவில் யார் யார் என்று அறிமுகம் செய்கிற இடம். பெயர் சொன்னதும் அவரவர் நாலு வரி வாசித்துக் கைதட்டல் வாங்குவார்கள். கொந்தோ வாசித்தான். சுமிரே தன் பெயரைத் தானே சொல்லிப் பாஸை ஒரு உருட்டு உருட்டினாள். பிறகு கையை நீட்டினாள்.

"கிதார், ஹயாசே!"

கூட்டம் ஓவென்றது. ஹயாசே வழுக்கல் துண்டுக்காக இடது கையை மேலே கொண்டுபோனான்.

"அது வேண்டாம்" என்றாள் சுமிரே, மைக்கிலேயே, சிரித்துக்கொண்டு. "ஆல்பத்துல வாசிச்சியே, எல்லாரும் வீட்டுல பழகுறாங்களே, அது. அதை வாசி. நாங்க ரெண்டு பேரும் சும்மா இருக்கோம். இவங்க உன் கையை மட்டும் கேக்கணும்."

கொந்தோ குச்சிகளை மடியில் வைத்தான். சுமிரே பாஸின் ஒலியை அடைத்தாள். ஹாலில் குளிர்சாதனத்தின் இரைச்சல்கூடக் கேட்டது.

ஹயாசே தொடங்கினான். பத்தாவது தட்டில் தடுக்கியது. நிறுத்தினான். கம்பியைச் சுருதி பார்க்கிற மாதிரி பாவனை செய்தான். மறுபடி தொடங்கினான். இந்தத் தடவை எட்டாவதிலேயே தடுக்கியது. ஏதோ ஒன்று விட்டுப்போகிற, ஏதோ ஒன்று உரசுகிற அந்தச் சத்தம் பளிங்கு மாதிரி சுவருக்குச் சுவர் போய் வந்தது. மூன்றாம் தடவை தொடங்கி, கையை எடுத்துவிட்டான்.

யாராவது ஊளையிடுவார்கள், யாராவது 'ஏமாத்துக்காரா' என்று கத்துவார்கள் என்று இபுகி காத்திருந்தாள். ஒருவரும் கத்தவில்லை. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, ஷியோகபேயின் பெயர் போட்ட துண்டைக் கழுத்தில் சுற்றியவள், இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விட்டுடாதீங்க!" என்றாள். பள்ளி விளையாட்டு விழாவில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு தனியாக ஓடிவருகிற குழந்தையைப் பார்த்துக் கூவுகிற அதே குரலில், அதே அன்போடு.

"விட்டுடாதீங்க!" என்றான் இன்னொருவன்.

அதற்குப் பிறகு ஹால் முழுவதும் கூவியது. அவனுக்கு உதவியாகத் தாளம் போட்டுக் கைதட்டத் தொடங்கினார்கள், மெதுவாக, அவனால் வாசிக்க முடிகிற வேகத்தில். வீட்டில் அந்த வாசிப்பை அவனைவிட நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அவனுக்காகத் தாளத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். ஹயாசே அந்த வெளிச்சத்தில் நின்றான். காதுவரை சிவந்திருந்தது. ஊளையிட்டிருந்தால் அவன் முறைத்திருப்பான், திட்டியிருந்தால் நாளைக்கு ஒரு கதை சொல்லியிருப்பான். இந்த அன்பை முறைத்துத் துரத்தவும் முடியாது, கதை சொல்லி மழுப்பவும் முடியாது.

இபுகிக்கு அழுகை வரும்போல் இருந்தது, அத்தனை சந்தோஷம். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். கட்டியிருந்த கையைப் பிரித்தாள். வாய்க்கு இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அந்த ஹாலிலேயே பெரிய குரலில் கத்தினாள்:

"விட்டுடாதீங்க, ஹயாசே-சான்! வாசிங்க!"

அந்தக் குரலை அவன் அடையாளம் கண்டுகொண்டான். தலையை நிமிர்த்தி இருட்டில் அவளைத் தேடினான். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்து, அவளோடு சேர்ந்து இன்னும் பலமாகக் கூவினார்கள். ஹயாசே முதலிலிருந்து மறுபடி தொடங்கினான்.